விறகுக் காம்பராவிலிருந்து பாதைக்கு: பழைய பைக்கை வீட்டிலேயே புதுப்பிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) ஒரு பழைய பீ.எஸ்.ஏ. பேன்டம் பைக் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பாதையால் போகிற யாராவது நின்றுவிடுவார்கள். "எங்க வீட்லயும் தாத்தா காலத்து வண்டி ஒண்ணு கிடக்குது சேர்" என்று பேச்சு தொடங்கும். பிறகு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். இதில் பாதி நான் பிழைவிட்டுப் படித்தது, மீதி பிட்டர் மாமா சொல்லிக்கொடுத்தது. தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், முப்பது வருடத்துக்கு மேல் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா.

இது என்ன வண்டி? எப்படிக் கிடைத்தது?

பேன்டம் டீ 1. 123 சி.சி., டூ ஸ்ட்ரோக், மூன்று கியர். 1948-இல் இங்கிலாந்தில் செய்யத் தொடங்கினார்கள். அப்புறம் எஞ்சின் அளவைக் கூட்டிக் கூட்டி 1971 வரை பேன்டம் என்ற பெயரில் வண்டி வந்தது. ஆனால் மூல வரைபடம் ஜெர்மன்காரருடையது. டீ.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற வண்டியின் வரைபடம் இரண்டாம் உலக யுத்த நட்டஈடாகக் கைமாறியது. அதை வைத்து ரஷ்யாவிலும் செய்தார்கள், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் செய்தது. யமஹாவின் முதல் பைக், 1955-இல் வந்த வை.ஏ. 1, அதே சாயல்தான். ஆகவே யமஹா வைத்திருக்கும் தம்பிமார் என் வண்டியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் வண்டிக்கு இது பெரியம்மா மகன்.

ஒரு தோட்டத்து டீ மேக்கரையா வைத்திருந்த வண்டி இது. அவர் காலமான பிறகு விறகுக் காம்பராவில் கிடந்தது. நான் பார்த்தபோது சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவருடைய மகன், "இரும்புக்காரனுக்குப் போடுறதுக்குப் பதிலா நீங்க எடுத்துட்டுப் போங்க சேர், ஆனா கோழி எழும்பட்டும்" என்றார். மூன்று வாரம் காத்திருந்துதான் வண்டியை எடுத்தேன்.

வாங்குவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும்?

பதிவுப் புத்தகத்தை. வண்டியை அதற்கப்புறம் பாருங்கள்.

புத்தகத்தில் உள்ள செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். துருவுக்கும் கிரீசுக்கும் அடியில் நம்பர் இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள், அரத்தால் சுரண்டிவிடாதீர்கள். சுரண்டிய நம்பரைப் பார்த்தால் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் சந்தேகம்தான் வரும். பழைய வண்டிகள் கையெழுத்து மட்டும் போட்ட ஓப்பன் பேப்பரில் நாலைந்து கை மாறியிருக்கும். புத்தகத்தில் பெயர் உள்ளவர் உயிரோடு இல்லை என்றால் வாரிசுகளின் சம்மதம், மரணச் சான்றிதழ் என்று அலைய வேண்டி வரும். அந்த அலைச்சலைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 1950-களின் கடைசியில் நாட்டையே குலுக்கிய ஒற்றை எழுத்து அது. அதைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்றும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் வண்டியின் வயதுக்கு அதுதான் சாட்சி.

வண்டியில் என்ன இல்லை என்று பார்ப்பது அடுத்தது. உடைந்தது கிடைத்தால் ஒட்டலாம், ஒட்டு வைத்து ஓட்டலாம். காணாமல் போனதைத் தேடுவதுதான் வருடக்கணக்கில் இழுக்கும். காபரேட்டர், மெக்னெட்டோ மூடி, ஹெட்லைட் வளையம் மூன்றும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

எல்லாரும் பெயின்டிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். டேங்கைச் சுரண்டி, மட்கார்டைச் சுரண்டி, ஒரு மாதம் போன பிறகு பார்த்தால் பளபளப்பான நாலு தகடும் ஓடாத ஒரு எஞ்சினும் கையில் இருந்தன. பாதியில் கைவிட்ட பைக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் அட்டைப்பெட்டிக்குள் போகின்றன.

மலையில் வேறொரு வரிசை வேண்டும். முதலில் பிரேக், டயர், ஹேண்டில் கழுத்து. இரண்டாவது எஞ்சின். மூன்றாவது வயரிங். பெயின்ட் கடைசியில். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினாலே இறக்கம். ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. நிற்காத வண்டிக்கு இங்கே முதல் வளைவிலேயே கதை முடிந்துவிடும்.

எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. உதைத்து எடுக்கலாமா?

வேண்டாம். உடம்பு பாரத்தைக் கிக்கரில் போட்டால் கிக்கர் பல் போகும், இல்லையென்றால் பிஸ்டன் ரிங் உடையும். வண்டி முப்பது வருடம் நின்றிருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் நிற்கட்டும்.

பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக டீசலும் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். வண்டியைச் சற்றுச் சாய்த்து நிறுத்தி, எண்ணெய் சிலிண்டர் ஓரம் முழுக்கப் படியும்படி இரண்டு நாளுக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் பக்கவாட்டில் துவாரங்கள் இருப்பதால் எண்ணெய் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது நிரப்ப வேண்டும். பிறகு டொப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். சுற்ற முயலாதீர்கள், ஆட்டினால் போதும்.

எங்கள் வண்டி ஒன்பது நாள் அசையவில்லை. பத்தாம் நாள் மாலை பிட்டர் மாமா வந்தார். வெந்நீர் கேட்டார். நான் தேத்தண்ணிக்கு என்று நினைத்து உள்ளே சொல்லப் போனேன். "தேத்தண்ணி பிறகு தம்பி, சாக்கை எடு" என்றார். சாக்கை வெந்நீரில் முக்கி, தண்ணீர் பிளக் ஓட்டைக்குள் இறங்காமல் சிலிண்டரைச் சுற்றிக் கட்டினார். ஆறியதும் அவிழ்த்து மறுபடி முக்கினார். மூன்றாவது கட்டு முடிந்து சக்கரத்தில் கை வைத்தபோது, உள்ளே எங்கோ பிசின் விடுவதுபோல் ஒரு சின்ன 'க்ளக்'. சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அலுமினியப் பிஸ்டனும் இரும்புச் சிலிண்டரும் சூட்டில் ஒரே அளவு விரியாது. அந்த வித்தியாசம்தான் பிடியை விடுவித்தது. இதற்கு நெருப்புப் பிடிக்கலாமே என்று நினைக்க வேண்டாம். உள்ளே டீசல் இருக்கிறது.

சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டு வழுக்குகிறதே?

உங்கள் ஸ்பேனர் மில்லிமீட்டர், வண்டியின் நட்டு விட்வொர்த் என்ற பழைய அங்குல அளவு. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் பிரிட்டிஷ் மரைகள்தான். கிட்டத்தட்டப் பொருந்துகிற மாதிரி இருக்கும், இறுக்கித் திருப்பினால் நட்டின் மூலை உருண்டுவிடும். ஒருமுறை உருண்டால் அப்புறம் உளிதான்.

இதற்குக் கடை கடையாக அலைய வேண்டாம். நம் தோட்டங்களிலேயே தேடலாம். தேயிலை ஸ்டோர்களின் பழைய மெஷின்கள் பெரும்பாலும் அதே நாட்டிலிருந்து வந்தவை. பெல்பாஸ்டில் டேவிட்சன் கம்பனி செய்த சிராக்கோ என்ற தேயிலை உலர்த்தும் மெஷின்தான் எங்கள் பக்கம் ஒவ்வொரு ஸ்டோருக்கும் அடையாளம். அவற்றைக் கழற்றிப் பூட்டிய பிட்டர்களின் பெட்டிக்குள் விட்வொர்த் ஸ்பேனர் கிடக்கும். பிட்டர் மாமாவின் பெட்டியில் முழு செட் இருந்தது, ஒரேயொரு அளவு தவிர. அந்த ஒன்று அத்தையின் தேங்காய் துருவியை மேசையில் இறுக்கும் வேலைக்குப் போயிருந்தது. அதை வாங்கத்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது.

டேங்குக்குள் முழுக்கத் துரு. என்ன செய்வது?

முதலில் பழைய பெட்ரோல் வாடையைப் போக்குங்கள். சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் குலுக்கி நாலைந்து தடவை கொட்டுங்கள். வெறும் டேங்க் என்று நினைத்து வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த வெறும் டேங்குதான் வெடிக்கும்.

அப்புறம் பழைய செயின் துண்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கிச் செதில் செதிலாக வரும் துருவை எடுங்கள். போட்ட துண்டுகளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாய்வரை வினாகிரி. எங்கள் டேங்குக்கு மூன்று நாள் பிடித்தது. வினாகிரியைக் கொட்டியதும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவினால் மிச்சப் புளிப்பு அடங்கும்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. நம் ஊர் ஈரக்காற்றில் சுத்தமான இரும்பு அரை மணி நேரத்தில் செம்மஞ்சளாகிவிடும். முதல் தடவை நான் டேங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு சாப்பிடப் போனேன். ரசத்துக்கு வருவதற்குள் உள்ளே மறுபடி துரு. இரண்டாம் தடவை மகளுடைய தலைமுடி உலர்த்தும் மெஷினை வாங்கி, கழுவிய கையோடு சூடுகாட்டி உலர்த்தி, உடனே கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றிச் சுழற்றினேன். பெட்ரோல் வாடை துளியும் மிஞ்சவில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த மெஷினைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும்.

சலவைச் சோடாத் தண்ணீரில் பெட்டரி சார்ஜர் வைத்துத் துரு எடுக்கும் வழியும் நன்றாக வேலை செய்யும். ஆனால் உள்ளே தொங்கவிடும் கம்பி சாதாரண இரும்பாக இருக்க வேண்டும். எவர்சில்வர் கம்பி போட்டால் தண்ணீரில் நஞ்சு கலக்கும். அத்துடன் ஹைட்ரஜன் வாயு வெளிவரும், ஆகவே வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

எஞ்சினை முழுக்கப் பிரிக்கத்தான் வேண்டுமா?

சுற்றுகிறது, தீப்பொறி வருகிறது என்று நம்பி அப்படியே ஓட்டலாம் என்றுதான் தோன்றும். நான்கு ஸ்ட்ரோக் என்றால் எண்ணெய் மாற்றிவிட்டுத் துணிந்து பார்க்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் (பிஸ்டன் சுற்றிவிடும் அச்சு) சீல்கள் இருக்கின்றன. கிராங்க் அறை காற்றிறுக்கமாக இருந்தால்தான் எஞ்சின் மூச்சுவிடும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தச் சீல் கல்லாகியிருக்கும். செயின் பக்கச் சீல் போனால் அந்தப் பக்க எண்ணெயை உறிஞ்சிப் புகை மண்டும். மெக்னெட்டோ பக்கச் சீல் போனால் வெறும் காற்றை உறிஞ்சும், அக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் இறங்காமல் அலறும், கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். ஆகவே பிரிக்கத்தான் வேண்டும்.

சீலிலும் பெயரிங்கிலும் நம்பர் அல்லது அளவு இருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் பைக்குக்கென்று கேட்காமல் பெயரிங் கடையிலேயே வாங்கலாம். கிளட்சில் தக்கை பதித்த தட்டுகள் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால் நகத்தால் பிரிக்காமல் மெல்லிய தகட்டைச் செருகிப் பிரியுங்கள். புதுத் தட்டு போடுவதென்றால் முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறப்போடுங்கள்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் போர் பண்ணி (உட்புறத்தைக் கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு லேத்தில் கொடுத்துப் போர் பண்ணி வாங்கிவந்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி மினுங்கியது, எனக்கும் சந்தோஷம். பிட்டர் மாமா சிலிண்டருக்குள் சுண்டுவிரலை விட்டுத் துவாரத்தின் விளிம்பைத் தடவினார். விரலை வெளியே எடுத்துக் காட்டினார், நகத்தில் வெள்ளைக் கோடு. "இது கத்தி தம்பி. ரிங் இதில் ஏறி இறங்கணும்." நான்கு ஸ்ட்ரோக் சிலிண்டரில் துவாரமே கிடையாது, அதனால் அதில் பழகிய கைக்கு இந்த விளிம்பை மழுக்கும் பழக்கம் இருப்பதில்லை. அன்று மாலை முழுக்க நுண்ணிய அரத்தாலும் சேண்ட் பேப்பராலும் ஒவ்வொரு விளிம்பையும் நானே மழுக்கினேன். உங்கள் சிலிண்டர் எந்த லேத்தில் இருந்து வந்தாலும் சரி, பூட்டும் முன் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பிளக்கில் தீப்பொறி வரவில்லையே?

பத்தில் எட்டுத் தடவை பொயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் திறந்து மூடும் முனைகள்) முகத்தில் ஊத்தைதான். துடைத்து, 0.015 அங்குல இடைவெளி வையுங்கள். ஸ்டார்ட் ஆகி, சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆனால் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். ஆறு வோல்ட் விளக்கு மூடுபனியில் மெழுகுதிரிக்குச் சமம். ஆறு வோல்ட் எல்.ஈ.டி. பல்ப் கிடைக்கிறது, பின்விளக்குக்காவது போடுங்கள். நானுஓயா பக்கம் மாலை நான்கு மணிக்கே மூடிக்கொள்ளும் பனியில் பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

எண்ணெய் எவ்வளவு கலப்பது?

இருபத்து நான்குக்கு ஒன்று. ஒரு லீற்றர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 42 மில்லி, ஐந்து லீற்றருக்கு 208 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய். வெளியே ஒரு கானில் கலந்து குலுக்கி ஊற்றுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகாதாமே என்று சிலர் பயப்படுகிறார்கள். இலங்கையில் 2002-இலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. அந்தப் பயம் வால்வ் உள்ள எஞ்சின்களுக்கு, டூ ஸ்ட்ரோக்கில் வால்வே கிடையாது. 92 ஒக்டேன் தாராளம்.

பழைய பெட்ரோல்தான் உண்மையான எதிரி. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். கோட்டுக்கு வாரம் 4 லீற்றர் என்று பைக்குகளுக்கு அளந்து கொடுத்தது ஞாபகம் இருக்கும். அப்போது சேர்த்து வைத்த பெட்ரோலோடு மூலையில் நின்ற எத்தனையோ வண்டிகளின் காபரேட்டர் பிசின் பிடித்துப் போனது.

கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி நுவரெலியாவில் ஏன் இழுக்கமாட்டேன் என்கிறது?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே பருப்பு வேகத் தாமதமாவதும் காற்றழுத்தம் குறைந்ததால்தான். காபரேட்டருக்கு இது தெரியாது, கீழே விட்ட அளவுப் பெட்ரோலையே இங்கும் விடும். காற்றுக் குறைந்து பெட்ரோல் கூடியதால் பிளக் கரி பிடிக்கும், எஞ்சின் திணறும்.

அமால் காபரேட்டரில் ஸ்லைட் ஊசியை ஒரு காடி இறக்கினால் கலவை மெலியும். எங்கள் பக்க உயரத்துக்கு அது போதுமாக இருந்தது. அப்படிச் சரிசெய்தாலும் பழைய பலம் முழுவதும் திரும்பாது. இதன் மொத்தப் பலமே நாலரைக் குதிரைத்திறன் அளவுதான். றம்பொடை ஏற்றத்தில் முதல் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது கொழுந்துச் சாக்கோடு நடந்து போன ஒரு அக்கா என்னைப் பார்த்து, "தள்ளிவிடவா தம்பி?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

மலைக்கு மெலிய வைத்த வண்டியைக் கீழே கொண்டுபோகும்போது ஊசியை மறுபடி ஏற்றிவிட வேண்டும். அடர்ந்த காற்றில் மெலிந்த கலவை என்றால் சூடு ஏறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இறக்கத்தில் எஞ்சின் திடீரென்று இறுகிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எனக்கே நடந்தது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்குகிற பாதை. முதல் நீண்ட ஓட்டம், காலை வெயில், மனமெல்லாம் பூரிப்பு. கார் ஓட்டிய பழக்கத்தில் அக்சிலேட்டரை முழுக்க மூடி, இரண்டாம் கியரிலேயே எஞ்சின் பிடியில் இறக்கினேன். ஒரு வளைவு முடிந்ததும் பின்சக்கரம் கிறீச்சிட்டு இழுத்தது. கிளட்சைப் பிடித்தேன், சத்தம் அடங்கிவிட்டது. வண்டி ஊமையாக உருண்டது. ஓரமாக ஒரு கித்துள் மரத்தடியில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டேன். நல்லவேளை, ஆறியதும் விட்டுக்கொடுத்தது.

காரணம் இதுதான். இந்த எஞ்சினுக்குத் தனி எண்ணெய்ப் பம்ப் இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பெயரிங்குக்கும் கிடைக்கிறது. அக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் நிற்கும், அத்துடன் எண்ணெயும் நிற்கும். ஆனால் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே இறக்கத்தில் சில வினாடிகளுக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து, அக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். அந்த முறுக்கில் ஒரு மிடறு எண்ணெய் உள்ளே போகும். எஞ்சினை மட்டும் நம்பி இறங்க முடியாது என்பதால்தான் பிரேக்கை முதலில் செய்யச் சொன்னேன்.

பிரேக்கில் என்ன செய்ய வேண்டும்?

டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுப் பம்பாலும் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் எஸ்பெஸ்டஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பைக்குள் கட்டி எறியுங்கள். ஷூவுக்குப் புது லைனிங் ஒட்ட, முச்சக்கர வண்டி பிரேக் செய்யும் கடைகள் போதும். கேபிள்களைப் பழசு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள்.

டயர் அளவு 2.75-19. பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்திய டயர். பூ தேயாமல் இருந்தாலும் கழற்றி மாட்டுக்கொட்டிலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பெயின்ட் எப்போது அடிப்பது?

எந்த மலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பெயின்ட் டின்னைத் திறக்கவே வேண்டாம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை காலை பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் அடியுங்கள். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் நேர்மாறு, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்ட காலம். ஆனால் காற்று அள்ளி வரும் தூசியைத் தடுக்க நாலு பக்கமும் சீலை கட்ட வேண்டும். ஈரக்காற்றில் அடித்தால் காயும்போதே பால் படிந்ததுபோல் வெளுத்துப்போகும்.

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்டை வீட்டில் ஸ்ப்ரே பண்ணாதீர்கள். அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க் அதற்குக் காணாது. கராஜில் கொடுத்து அடியுங்கள். டீ 1-இன் சொந்த நிறம் மிஸ்ட் கிரீன், பனிமூட்டப் பச்சை. பர்மிங்ஹாமில் இருந்த பீ.எஸ்.ஏ. ஆள் யாரோ எங்கள் ஊரை நினைத்துக் கலந்ததுபோல் இருக்கிறது. டேங்கில் அந்தப் பழைய பச்சை இன்னும் பாதிக்கு மேல் இருந்ததால் நான் புதிதாக அடிக்கவில்லை. துடைத்து மெழுகு போட்டேன், அவ்வளவுதான். குரோமும் பண்ணவில்லை.

பாகங்கள் எங்கே கிடைக்கும்? எவ்வளவு செலவாகும்?

கொழும்பில் பஞ்சிகாவத்தை. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் விலைதான் ஏறும். பேன்டம் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஆனால் தபால் செலவும் சுங்க வரியும் பாகத்தின் விலையைத் தொட்டுவிடும். தொகை சொல்லமாட்டேன், இன்று சொன்னால் நாளைக்குப் பொய்யாகும். என் கணக்குப் புத்தகத்தில் பாதிக்கு மேல் எஞ்சின் வேலைக்கும் டயருக்கும் போயிருக்கிறது. வீட்டில் அந்தப் புத்தகத்தைக் காட்டுவதில்லை.

லைசன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் எடுக்க முடியுமா?

ஓட்டப் போகிறீர்கள் என்றால் எடுக்கத்தான் வேண்டும். இன்ஷூரன்ஸ், புகைப் பரிசோதனை, வருடாந்த லைசன்ஸ் மூன்றும். நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். புகைப் பரிசோதனைக்கு வண்டியைக் குளிராகக் கொண்டுபோகாதீர்கள். பதினைந்து நிமிடம் ஓட்டி, சைலன்சருக்குள் தேங்கிய எண்ணெய் எரிந்து தீர்ந்த பிறகு போங்கள்.

மழை மாதங்களில் எப்படி நிறுத்தி வைப்பது?

பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், காபரேட்டர் காலியாகும். டேங்கை வாய்வரை நிரப்புங்கள். வெற்றிடம் இருந்தால் இரவுக் குளிரில் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும். பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி பூட்டுங்கள். பொலித்தீன் போர்த்தாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பெட்ஷீட் போதும்.

சைலன்சர் வாயில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி குடும்பத்தோடு குடியேறும். துணி அடைத்ததை ஞாபகப்படுத்த ஹேண்டிலில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். போன வருடம் நான் ரிப்பன் கட்டவில்லை. செப்டெம்பரில் நாற்பது உதை உதைத்து, பிளக் மாற்றி, பொயின்ட் துடைத்து, கடைசியில் பிட்டர் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "அத்தைகிட்ட தேத்தண்ணி போடச் சொல்லிட்டு வா" என்றார்.